பத்தாவது குற்றம்

ஊர், கிளீவ்லாந்து. நாள், 1866 செப்டம்பர் 3. தங்கும் விடுதி ஒன்றின் மாடி முகப்பு. கீழே தெருவை அடைத்துக்கொண்டு பெருங்கூட்டம். முகப்பிலே நின்று முழங்குபவர் கூத்தாடியல்லர், சந்தையிலே மருந்து விற்க வந்தவருமல்லர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவர், ஆண்ட்ரூ ஜான்சன்!

கூட்டத்திலிருந்து ஒருவன் கூவுகிறான், ஜெபர்சன் டேவிசைத் தூக்கிலிடு என்று. அடிமை முறையைக் காப்பதற்காகப் போர்க்கொடி தூக்கிய தென் மாநிலங்களுக்குத் தலைமை தாங்கியவன் அந்த டேவிஸ். போர் முடிந்து ஓராண்டே ஆகியிருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அந்தக் கூட்டத்திலே எத்தனை பேரோ! பதவியின் பெருமை அறிந்தவர் என்ன செய்திருப்பார்? சட்டம் தன் கடமையைச் செய்யும் என்று கூறிவிட்டு மேலே பேசியிருப்பார். ஜான்சனோ, தாடியஸ் ஸ்டீவன்சையும் வெண்டல் பிலிப்சையும் ஏன் தூக்கிலிடக் கூடாது என்று திருப்பிக் கேட்டார். ஸ்டீவன்ஸ், பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர். பிலிப்ஸ், அடிமை ஒழிப்புக்காக வாழ்நாளை ஈந்த நாவலர். இவர்களுக்குத் தூக்குக் கயிறு! கேட்பவர், நாட்டின் முதல் குடிமகன்! பதவியின் கண்ணியத்தை எண்ணிப் பாரும் என்று யாரோ குரல் கொடுக்க, கண்ணியத்தைப் பற்றித் தமக்குக் கவலையில்லை என்று மறுமொழி வந்தது.

இந்தச் செய்தியை நாம் வகுப்பிலே கூறியபோது, கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “தலைவர் திட்டினால் அது குற்றமாகுமா, ஐயா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், அந்தச் சிறுவன் கேட்ட அதே கேள்வியை 1868-இல் அமெரிக்கச் செனட் சபை, தலைமை நீதிபதியை நடுவே அமர்த்தி, சாட்சிகளை ஏற்றி, வாரக் கணக்கிலே விசாரித்தது. விசாரித்துவிட்டு விடை கூறாமலே கலைந்தது!

யார் இந்த ஜான்சன்? வட கரோலினாவில், ராலே நகரில், 1808-இல் பிறந்தவர். மூன்று வயதிலே தந்தையை இழந்தவர். பள்ளிக்கூட வாயிலை மிதிக்க வழியின்றித் தையற்காரனிடம் எடுபிடியாக விடப்பட்டவர். அங்கிருந்து தப்பி ஓடியபோது, பிடித்துத் தருவோருக்குப் பத்து டாலர் பரிசு என்று முதலாளி ஏட்டிலே விளம்பரம் கொடுத்தான். டென்னசி மாநிலத்தின் கிரீன்வில் என்ற சிற்றூரில் கடை வைத்து, ஊசியும் நூலுமாக வாழ்வு தொடங்கி, ஊராட்சி உறுப்பினராகி, நகரத் தலைவராகி, மாநில ஆளுநராகி, செனட் சபை உறுப்பினராக உயர்ந்தார். எழுத்துப் பயிற்சியும் கணக்கும் கற்றுத் தந்தவர் அவருடைய துணைவியார்.

ஏழை வீட்டுப் பிள்ளை இவ்வளவு உயர்ந்தான் என்றதும் நமது நெஞ்சு இளகுகிறது. இளகட்டும், ஆனால் அங்கேயே நின்றுவிடலாகாது. பண்ணைப் பிரபுக்களை ஜான்சன் பகைத்தார், உண்மை. தென் மாநிலங்கள் பிரிந்து சென்றபோது, பிரிந்த மாநிலங்களின் செனட் உறுப்பினர்களிலே தம் இருக்கையை விட்டு எழாதவர் அவர் ஒருவரே என்பதும் உண்மை. ஆனால் அவரே அடிமைகளை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர். 1863-இல்தான் விடுதலை செய்தார். தமக்கு மேலே ஒரு குடி இருப்பதை வெறுத்தார். தமக்குக் கீழே ஒரு குடி இருப்பதை மட்டும் அவர் வெறுக்கவில்லை! இப்படிப்பட்டவர்களை வரலாற்றிலே மட்டுமா காண்கிறோம்?

1865 மார்ச் 4. துணைத் தலைவராக உறுதிமொழி எடுக்கும் நாளிலே, நோயிலிருந்து எழுந்த களைப்புக்கு மருந்தென்று விஸ்கியைக் குடித்துவிட்டு வந்து, தாம் எளிய குடியிற் பிறந்த பெருமையை நாக்குழற நெடுநேரம் பேசினார் ஜான்சன். அவையோர் தலைகுனிந்தனர். ஆறு வாரம் கழிந்தது. லிங்கன் சுடப்பட்டார். ஏப்ரல் 15 அன்று ஜான்சன் குடியரசுத் தலைவர்!

அடுத்து நடந்தவைதாம் கணக்கிலே எழுதப்பட வேண்டியவை. போரின் இறுதியில் தளபதி ஷெர்மன் கடலோர நிலம் ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கரை ஒதுக்கி, விடுதலை பெற்ற கருப்பினக் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரையிலான துண்டுகளாகப் பகிர்ந்தளிக்கும்படி 1865 ஜனவரியில் ஆணையிட்டிருந்தார். தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் வியர்வை சிந்தியவர்கள், முதன்முறையாகத் தமக்கென்று ஏர் பூட்டினர். சுமார் 40,000 பேர் குடியேறினர். ஒரு விளைச்சலைக் கூட முழுதாகக் கண்ணாரக் கண்டார்களோ இல்லையோ, ஜான்சனின் மன்னிப்பு ஆணைகள் வந்தன. கிளர்ச்சி செய்த பிரபுக்களுக்கு மன்னிப்பு. மன்னிப்போடு நிலமும் திரும்பக் கிடைத்தது! எடிஸ்டோ தீவிலே கூடியிருந்த உழவர்களிடம் அந்தச் செய்தியைச் சொல்லும் பொறுப்பு, அவர்கள் நலனுக்காகவே அமைக்கப்பட்ட துறையின் தலைவரான ஹோவர்டுக்கு வந்து சேர்ந்தது. தாமே எதிர்த்த ஆணையைத் தாமே சென்று கூற வேண்டிய நிலை அவருக்கு.

தென் மாநிலச் சட்டமன்றங்கள் சும்மா இருக்குமா? கருப்பர் சட்டங்கள் என்று பெயர் பெற்ற கொடுமைகளை அடுக்கின. மிசிசிப்பியில், கருப்பினத்தவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில், தமக்கு வேலை உண்டு என்பதற்கு எழுத்துச் சான்று காட்ட வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலகினால் அதுவரை உழைத்த கூலியும் போயிற்று. தென் கரோலினாவில், உழவும் வீட்டு வேலையும் தவிர வேறு தொழில் செய்ய விரும்பினால் தனி வரி கட்டி உரிமம் பெற வேண்டும். விலங்கு அறுந்தது, தழும்பு ஆறவில்லை, அதற்குள் புதுவிலங்கு! ஜான்சன் தடுத்தாரா? தடுக்கவில்லை. காங்கிரஸ் தடுக்க முனைந்தபோது, குறுக்கே நின்றார். (அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயரே காங்கிரஸ், நம் நாட்டுக் கட்சியை எண்ணி மயங்க வேண்டாம்.) 1866-இல், விடுதலை பெற்றோர் நலத்துறைக்கான மசோதாவை மறுத்தார், குடியுரிமை மசோதாவையும் மறுத்தார். அந்த இரண்டாவது மசோதாவைக் காங்கிரசின் இரு சபைகளும் அவர் மறுப்பையும் மீறி ஏப்ரலில் சட்டமாக்கின.

அதே பிப்ரவரியில் பிரெடரிக் டக்ளஸ் முதலியோர் வெள்ளை மாளிகைக்குச் சென்று வாக்குரிமை கேட்டனர். டக்ளஸ் யார்? அடிமையாகப் பிறந்து, தப்பி, தாமே கற்று, அந்நாட்டின் தலைசிறந்த பேச்சாளருள் ஒருவராக விளங்கியவர். ஜான்சன் நெடுநேரம் பேசினார். கருப்பினத்தவருக்கு வாக்கு அளித்தால் இனப்போர் மூளும் என்றார். மறுமொழி கூற இடம் தரவில்லை. டக்ளசும் தோழர்களும் வெளியே வந்து, தங்கள் மறுமொழியை ஏட்டிலே வெளியிட்டனர். இருவருமே தாமே கற்றவர்கள், இருவருமே தப்பியோடியவர்கள், ஒருவர் தலைக்குத் தையற்காரன் பரிசு அறிவித்தான், மற்றவர் அடிமைப் பிடிப்போருக்கு அஞ்சி வாழ்ந்தார். ஒரே அறையிலே எதிரெதிரே அமர்ந்தும் ஒருவருக்கு மற்றவரின் துயரம் புரியவில்லை என்றால், ஏழ்மை மட்டுமே மனிதனைப் பண்படுத்திவிடும் என்று எண்ணுவோர் சற்றே சிந்திக்கட்டும்.

அந்த மாதம் 22-ஆம் நாள், வாஷிங்டனின் பிறந்த நாள். வாழ்த்த வந்த கூட்டத்தின் முன், ஒரு மணி நேரத்தில் 200 முறைக்கு மேல் தம்மையே குறிப்பிட்டுப் பேசினார் தலைவர்! ஸ்டீவன்ஸ், சம்னர், பிலிப்ஸ் மூவரையும் பெயர் சொல்லி நாட்டின் பகைவர் என்றார். ஆகஸ்டு இறுதியில், தேர்தலை முன்னிட்டுச் சுற்றுப்பயணம் புறப்பட்டார். போர்வீரர் கிராண்ட் உடன் வந்தார். பெயர் பெற்றவர் பக்கத்திலே நின்றால் தமக்கும் ஒளி வரும் என்ற எண்ணம். எழுதி வைக்காமல் பேச வேண்டாம் என்று நண்பரான டூலிட்டில் என்ற செனட் உறுப்பினர் எச்சரித்துக் கடிதம் எழுதியிருந்தார். பயனில்லை. கிளீவ்லாந்துக் காட்சியை முதலிலேயே கண்டோம். ஐந்து நாள் கழித்து செயின்ட் லூயியில், தம்மை யூதாஸ் என்கிறார்களே, தாம் காட்டிக் கொடுத்த ஏசு யார், தாடியஸ் ஸ்டீவன்சா என்று கேட்டார். அதைவிடக் கொடியது ஒன்றும் சொன்னார். ஜூலை 30 அன்று நியூ ஆர்லியன்சில், வாக்குரிமைக்காகக் கூடிய கருப்பின மக்களையும் அவர்தம் தோழர்களையும் வெள்ளைக் கும்பலும் காவலரும் சுட்டும் அடித்தும் கொன்றிருந்தனர். மே மாதம் மெம்பிசில் 46 கருப்பின மக்கள் கொல்லப்பட்டிருந்தனர். நியூ ஆர்லியன்சுக் குருதிக்குக் காரணம் கொன்றவர்களல்லர், காங்கிரசிலுள்ள தம் எதிரிகளே என்றார் தலைவர்!

வசை வேறு, இது வேறு. யூதாஸ் கதை, நாவடக்கம் இல்லாதவன் பேச்சு; அதைக் கேட்டு முகம் சுளிக்கலாம், மறந்தும் விடலாம். பிணத்தின் மீது நின்றுகொண்டு பழியைப் பிணத்தின் தோழர்கள் மேல் சுமத்துவதை எப்படி மறப்பது?

மக்கள் மறக்கவில்லை. அந்த ஆண்டுத் தேர்தலில் ஜான்சனின் எதிரணி இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வென்றது. 1867 டிசம்பர் 7 அன்று, பதவி நீக்கத் தீர்மானம் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. நிலத்தைத் திருப்பித் தந்தது, கிளர்ச்சிக்காரருக்கு மன்னிப்பை வாரி வழங்கியது, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று அடிப்படைக் குற்றங்களே அதற்குக் காரணம். முடிவு? ஆதரவு 57, எதிர்ப்பு 108. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவை மீறினார் என்று காட்டு என்றனர் பலர். நாற்பதினாயிரம் பேரின் நிலம் போயிற்று என்றால், அது கொள்கை வேறுபாடாம்!

பிரிவைக் காட்டும் வாய்ப்பும் வந்தது. செனட் சபையின் இசைவால் நியமிக்கப்பட்ட அதிகாரிகளை அதன் இசைவின்றி நீக்கக் கூடாது என்று 1867 மார்ச்சில் சட்டம் இயற்றியிருந்தனர். போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனைக் காக்கவே அந்தச் சட்டம் என்று ஊரறியும். 1868 பிப்ரவரி 21 அன்று ஜான்சன் ஸ்டான்டனை நீக்கினார். ஸ்டான்டன் அலுவலகத்தை விட்டு அகல மறுத்து, அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, மே மாதம் வரை உள்ளே அடைபட்டுக் கிடந்தார். நாடகத்திலே நகைச்சுவைக் கட்டம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றே நாளில், 126-க்கு 47 என்ற வாக்கில், அமெரிக்க வரலாற்றில் முதன்முறையாக ஒரு குடியரசுத் தலைவர் மீது பதவி நீக்கக் குற்றம் சாட்டப்பட்டது.

குற்றச்சாட்டுகள் பதினொன்று. பெரும்பாலானவை ஸ்டான்டன் விவகாரத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. பத்தாவது மட்டும் தனி. பெஞ்சமின் பட்லர் எழுதியது. குடியரசுத் தலைவர் தம் பதவியின் மாண்பையும், அரசின் அங்கங்களுக்கிடையே இருக்க வேண்டிய மரியாதையையும் மறந்து, உரத்த குரலிலே காங்கிரசை இழித்துரைத்தார் என்பது அதன் சாரம். 1866 ஆகஸ்டில் வெள்ளை மாளிகையில் பேசியது, கிளீவ்லாந்தில் பேசியது, செயின்ட் லூயியில் பேசியது மூன்றும் சான்றாக எடுத்துக் காட்டப்பட்டன. அந்தப் பேச்சுகளைக் குறிப்பெடுத்தவர்கள் கூண்டேறிச் சான்று கூறினர். பட்லரும் நாவடக்கத்துக்குப் பெயர் போனவரல்லர் என்பதைக் கூறாமல் விட்டால் நாம் நடுநிலை தவறியவராவோம்.

ஜான்சனின் வழக்கறிஞர்கள் கேட்டது ஒரே கேள்வி. பேச்சுரிமை குடிமகன் அனைவருக்கும் உண்டென்றால் தலைவருக்கு மட்டும் இல்லையா? எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வியன்று இது. மரியாதை குறைவு என்பதைக் குற்றமாக்கினால், நாளை அந்தக் கோலை யார் கையில் எடுப்பார்? மரியாதை தெரியவில்லை என்ற பழிச்சொல், உலகெங்கும் உரிமை கேட்டவன் மேல்தானே முதலில் வீசப்பட்டிருக்கிறது? டக்ளசுக்கும் அந்தப் பட்டம் கிடைத்தது. 1856-இல் சம்னர் அடிமை முறையைக் கண்டித்துச் செனட் சபையில் பேசினார். பேச்சிலே கடுஞ்சொல் இருந்தது என்பதற்காக, புரூக்ஸ் என்ற தென் மாநில உறுப்பினன் சபைக்குள்ளேயே புகுந்து, மேசையருகே அமர்ந்திருந்தவரைக் கைத்தடியால் குருதி ஒழுக அடித்தான். தண்டம், 300 டாலர்! பதவியைத் துறந்துவிட்டு மறுபடி தேர்தலில் நின்று வென்று வந்தான். அவனைப் பாராட்டி அன்பர்கள் புதுப்புதுக் கைத்தடிகள் அனுப்பினர்! நாகரிகம், பண்பு என்று நாளெல்லாம் பேசிய பண்ணைப் பிரபுக்களின் பண்பு அந்தத் தடியின் நுனியிலே இருந்தது.

செனட் சபை விசாரணையைக் காண நுழைவுச் சீட்டு அச்சிட்டனர். சீட்டுக்கு அத்தனை அடிபிடி. நடக்க இயலாத நோயாளியான ஸ்டீவன்சை நாற்காலியிலே வைத்துத் தூக்கி வந்தனர். தலைமை நீதிபதி சேஸ் தலைமை தாங்கினார். உறுப்பினர் 54 பேர்; தண்டிக்க 36 வாக்கு வேண்டும். மே 16 அன்று பதினோராவது குற்றச்சாட்டை முதலில் வாக்குக்கு விட்டனர். குற்றவாளி என்றோர் 35. இல்லை என்றோர் 19. ஒரே ஒரு வாக்கிலே தப்பினார்! மே 26 அன்று இரண்டாவதும் மூன்றாவதும். அதே 35, அதே 19. அத்துடன் சபை கலைந்தது. பத்தாவது குற்றச்சாட்டு வாக்குக்கே வரவில்லை.

ஏன் தப்பினார்? தம் கட்சியினரோடு சேராமல் ஏழு பேர் மாறி வாக்களித்தனர். அவர்களுள் ராஸ் என்பவரை, மனச்சான்றுக்காகப் பதவி வாழ்வைப் பலியிட்ட வீரர் என்று பிற்காலத்திலே போற்றினர். கென்னடி தம் பெயரால் 1956-இல் வெளிவந்த நூலில் அவருக்கு ஓர் இயலே ஒதுக்கினார். அதே ராஸ், விடுதலைத் தீர்ப்புக்குப் பின் தம் ஆட்களுக்குப் பதவி கேட்டு ஜான்சனை நாடினார் என்பதையும் ஏடுகள் காட்டுகின்றன. ஜான்சன் நீங்கினால் தலைமைக்கு வரவிருந்தவர் பெஞ்சமின் வேடு. பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்றவர். அவரைக் கண்டு நடுங்கியோர் சிலர். நீக்கும் அதிகாரம் தலைவருக்கே உரியது என்று உளமார எண்ணியோரும் இருந்தனர். அவர்கள் கருத்து முற்றிலும் தவறென்று நாம் சொல்ல மாட்டோம். அந்தச் சட்டத்தை 1887-இல் காங்கிரசே நீக்கியது. அது செல்லாத சட்டமே என்று 1926-இல் உச்ச நீதிமன்றமும் கூறியது.

ஆக, தவறான சட்டத்தை மீறியதற்காக ஒரு வழக்கு. வசைமொழிக்காக ஒரு வழக்கு. பறிக்கப்பட்ட நிலத்துக்கோ, கருப்பர் சட்டங்களுக்கோ, மெம்பிசின் 46 பிணங்களுக்கோ பதினொன்றில் ஓரிடமும் இல்லை! அந்தப் பெரிய குற்றத்தைக் கேட்க முனைந்த தீர்மானம் முந்திய டிசம்பரிலேயே 108 வாக்குகளால் புதைக்கப்பட்டுவிட்டது.

இது ஜான்சனோடு முடிந்த கதையா? நிக்சனைப் பாருங்கள். 1974 ஏப்ரலில், வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களின் எழுத்துப் படி வெளியானது. இடையிடையே, வசைச்சொல் நீக்கப்பட்டது என்ற குறிப்பு. அதைக் கண்டு அமெரிக்க மக்கள் அதிர்ந்தனர். நம் தலைவர் இப்படியா பேசுவார் என்று! ஜூலையில் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு, வாட்டர்கேட் திருட்டை மூடி மறைத்தது முதலிய மூன்று குற்றச்சாட்டுகளை ஏற்றது. நான்காவதாக வேறொன்றும் வந்தது. 1969 முதல் கம்போடியா மீது மறைவாகக் குண்டு வீசி, அதைக் காங்கிரசுக்கு ஒளித்தது பற்றியது அது. ஆதரவு 12, எதிர்ப்பு 26. கம்போடிய உழவனின் குடிசை மீது விழுந்த குண்டு கணக்கிலே ஏறவில்லை. ஆகஸ்டு 9 அன்று நிக்சன் பதவி விலகினார். ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 8 அன்று, அடுத்து வந்த போர்டு அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார்.

பின்னர் 1998-இல் கிளின்டன், 2019-இலும் 2021-இலும் டிரம்ப் என்று குற்றம் சாட்டப்பட்டோர் பட்டியல் நீண்டது. செனட் சபை ஒருவரையும் நீக்கவில்லை. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்ததற்காக டிரம்பின் மேல் வந்த வழக்கில் 57 பேர் குற்றவாளி என்றனர், 43 பேர் இல்லை என்றனர், வேண்டியது 67. 2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், 6-க்கு 3 என்ற பெரும்பான்மையால், தலைவராக இருந்தவர் தம் அடிப்படை அதிகாரத்தைக் கொண்டு செய்த செயல்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து முழுக் காப்பு உண்டு, பிற அலுவற் செயல்களுக்கும் காப்பு உண்டென்றே முதலில் கொள்ள வேண்டும், தனிப்பட்ட செயல்களுக்கு மட்டும் இல்லை என்று கூறியது. 1789-இல் தலைவரை எப்படி அழைப்பது என்று வாதிட்டபோது, மன்னர்க்குரிய அடைமொழிகளைச் செனட் சபை பரிந்துரைத்தது. பிரதிநிதிகள் சபை அவற்றை மறுத்து, வெறும் தலைவர் என்ற பெயரே போதும் என்றது. பெயரிலே மன்னர் இல்லை, சரி!

நம் மாணவனுக்கு நாம் அன்று சொன்ன விடை இதுதான்: “திட்டியதைக் குற்றமாக்க அவர்களுக்குத் துணிவு வரவில்லை, திட்டப்பட்டவர்களின் நிலத்தைப் பிடுங்கியதைக் குற்றமாக்க மனமே வரவில்லை.” அவன் விடவில்லை, “ஸ்டீவன்ஸ் என்ன ஆனார்?” என்றான்.

ஜான்சன் 1869 மார்ச்சில், கிராண்ட் பதவியேற்கும் விழாவுக்குச் செல்லாமலே வெள்ளை மாளிகையை விட்டு அகன்றார். 1875-இல் மீண்டும் செனட் சபை உறுப்பினராகி, தம்மைக் குற்றவாளி என்றவர் சிலரோடு அதே அவையில் அமர்ந்து, அவ்வாண்டு ஜூலை 31 அன்று இறந்தார். உடலை நாட்டுக் கொடியால் போர்த்தி, தலைக்குக் கீழே அரசியல் சட்டப் படி ஒன்றை வைத்து அடக்கம் செய்தனர்.

ஸ்டீவன்ஸ், தீர்ப்பு வந்த மூன்றாம் மாதமே, 1868 ஆகஸ்டு 11 அன்று கண் மூடினார். லங்காஸ்டர் நகரின் பெரிய இடுகாடுகள் கருப்பினத்தவரைப் புதைக்க இடம் தராதவை. அவற்றை வேண்டாம் என்று மறுத்து, எல்லா இனத்தவரையும் ஏற்கும் சின்னஞ்சிறு இடுகாடு ஒன்றை அவர் தேர்ந்திருந்தார். தனிமையை விரும்பி இங்கே வரவில்லை, வாழ்நாளெல்லாம் வாதாடிய சமத்துவத்தைச் சாவிலும் காட்டவே வந்தேன் என்ற பொருளில், தம் கல்லறையில் பொறிக்க வேண்டியதையும் அவரே எழுதி வைத்திருந்தார். லங்காஸ்டரில் இன்றும் அந்தக் கல் இருக்கிறது.